அண்டர்டேல் முதல் ஆட்டம்: எதைத் தெரிந்துகொண்டு போகலாம், எதை விட்டுவிடலாம்

அண்டர்டேலை ஆடி முடித்தவர் யாரிடம் போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: “ஒண்ணும் படிக்காதே, நேரா போய் ஆடு.” அதில் பாதி சரி. கதையைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காமல் போவதுதான் நல்லது. ஆனால் சண்டையில் எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம், எந்தப் பொருளைத் தின்னாமல் வைத்துக்கொள்ள வேண்டும், எங்கே ஓடலாம் என்பதெல்லாம் தெரிந்துகொண்டு போனால் கதை கெடாது. பாதியில் இந்த கேமை மூடி வைப்பவர்கள் பெரும்பாலும் கதை பிடிக்காமல் மூடுவதில்லை. ஒரே சண்டையில் செத்துச் செத்து அலுத்துப்போய் மூடுகிறார்கள். அந்த அலுப்பைக் குறைக்கத்தான் இந்தப் பதிவு. முடிவுகள், திருப்பங்கள் எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. பாஸ்களின், அதாவது பெரிய எதிராளிகளின், பெயர்களும் அவர்களைச் சமாளிக்கும் வழிகளும் வரும். அதுகூட வேண்டாம் என்பவர்கள் ‘சண்டை எப்படி நடக்கிறது’ என்ற பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. டோபி ஃபாக்ஸ் என்பவர் எழுத்து, இசை, நிரல் என்று பெரும்பகுதியைத் தானே செய்து, ஓவியங்களுக்கு டெம்மி சாங்கின் துணையோடு 2015 செப்டம்பரில் வெளியிட்ட ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாக மாறி ஆடும் கதை விளையாட்டு, இது. 2013-இல் கிக்ஸ்டார்ட்டரில் 5,000 டாலர் கேட்டார், 51,124 டாலர் வந்தது. முதலில் விண்டோஸ், மேக்கில் வந்தது. பிறகு லினக்ஸ், பிளேஸ்டேஷன், ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் போனது. 200 எம்பி இடமும் 2 ஜிபி ராமும் இருந்தால் போதும். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பிலும் ஓடும். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு அதிகாரபூர்வத் தளத்தில் இலவச டெமோ இருக்கிறது. முதல் பகுதியை அதிலேயே ஆடிப் பார்த்துவிடலாம்.

தொடங்கும் முன்

விசைகள் மிகக் குறைவு. அம்புக்குறிகள் நகர, இசட் அல்லது என்டர் சரி சொல்ல, எக்ஸ் அல்லது ஷிஃப்ட் பின்வாங்க, சி அல்லது கன்ட்ரோல் பையைத் திறக்க. எஃப்4 அழுத்தினால் முழுத்திரை. எக்ஸ் அழுத்தினால் வசனம் சட்டென்று முழுதாக வந்துவிடும். ஆனால் முதல் ஆட்டத்தில் அதை அதிகம் தொடாதீர்கள். எழுத்து ஒவ்வொன்றாக விழும் வேகத்திலும் நடுவில் நிற்கும் இடைவெளியிலும்தான் பாதி நகைச்சுவை இருக்கிறது. ஆங்கில வசனம் வேகமாக ஓடிவிடுமோ என்று பயப்படவும் தேவையில்லை. கதைப் பகுதிகளில் பெரும்பாலும் நீங்கள் இசட் அழுத்தும்வரை அது காத்திருக்கும்.

ஆரம்பத்தில் ஒரு பெயர் கேட்கும். ஆறு எழுத்துக்குள், ஆங்கில எழுத்தில். சில பெயர்களை ஏற்க மறுக்கும், சிலவற்றுக்குக் கிண்டலடிக்கும். வாழ்க்கை நரகமாகிவிடும் என்கிற மாதிரி ஓர் எச்சரிக்கை வந்தால் மட்டும் வேறு பெயருக்கு மாறிவிடுங்கள். அது விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

இயர்போன் போட்டு ஆடுங்கள். இசை நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இல்லை. வாட்டர்ஃபால் பகுதியில் மழையில் நனையும் ஒரு சிலை இருக்கும். பக்கத்துக் கூடையிலிருந்து குடை எடுத்து வந்து அதன்மேல் வைத்தால் ஒரு மெட்டு ஒலிக்கும். அதன் முதல் எட்டு ஸ்வரங்களை இன்னோர் அறையில் இருக்கும் பியானோவில் வாசித்தால் ஒரு கதவு திறக்கும். ஒலியை அணைத்துவிட்டு ஆடுபவருக்கு அந்தக் கதவு சுவர்தான். (உள்ளே இருக்கும் பரிசைப் பார்த்து ஆசிரியரைத் திட்டுவீர்கள். அது வேறு விஷயம்.)

சண்டை எப்படி நடக்கிறது

கீழே நான்கு பொத்தான்கள்: ஃபைட், ஆக்ட், ஐட்டம், மெர்சி. உங்கள் முறை முடிந்ததும் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் சிவப்பு இதயம் தெரியும். அதுதான் நீங்கள். எதிராளி வீசுவதிலிருந்து அதை நகர்த்தித் தப்பிக்க வேண்டும். மற்ற ஆர்பிஜிகளில் பழகியவர்கள் நேராக ஃபைட்டுக்குப் போவார்கள். முதல் ஆட்டத்தில் ஆக்ட் பக்கம் போங்கள். ஒவ்வோர் எதிராளிக்கும் அங்கே ஒரு சாவி இருக்கிறது. அது திரும்பியதும் பெயர் மஞ்சளாக மாறும். மெர்சிக்குள் போய் ஸ்பேர் கொடுத்தால் சண்டை முடிந்தது. பெயர் மஞ்சளாகாமலே ஸ்பேர், ஸ்பேர் என்று அழுத்திக்கொண்டிருப்பதுதான் புதியவர்கள் வீணாக அடி வாங்கும் முதல் இடம். சில பாஸ்களிடம் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது விதிவிலக்கு.

சாவி சில சமயம் ஒரே சொடுக்கு. ஃப்ராகிட் என்ற தவளையைப் பாராட்டினால் போதும். புரியாவிட்டாலும் அதற்கு மனம் குளிர்ந்துவிடும். விம்சன் என்ற பூச்சி பாவம், நீங்கள் ஒன்றும் செய்யாமலே விட்டுவிடத் தயார். சில இடங்களில் வரிசை முக்கியம். ஸ்னோடின் காட்டில் கோடரியோடு வரும் நாய்த் தம்பதி டோகமி, டோகரெஸ்ஸாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மோப்பத்தை நம்புகிறவர்கள். நீங்கள் மனித வாசனை அடிக்கிறீர்கள். முதலில் மண்ணில் புரள வேண்டும். அடுத்த முறையில் மறுபடி மோந்து பார்க்கச் சொல்ல வேண்டும். இப்போது நீங்களும் ஒரு நாய்க்குட்டி என்று முடிவு செய்துவிடுவார்கள். அதன் பிறகு இருவரையும் ஒவ்வொருவராகத் தடவிக் கொடுத்தால் சண்டை முடியும். வரிசை தெரியாமல் முதலிலேயே தடவப் போனால் சந்தேகம்தான் மிஞ்சும். ஹாட்லேண்டில் வரும் இரண்டு காவலர்களும் இதே கணக்கு: இரண்டாமவரின் கவசத்தைத் துடைத்துவிட்டு முதலாமவரின் காதில் கிசுகிசுக்க வேண்டும். ஏன் என்று அங்கேயே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஆக்ட் மெனுவில் முதலில் வரும் ‘செக்’கை ஒரு தடவை அழுத்திவிடுவது நல்ல பழக்கம். ஒரு முறை வீணாகும்தான், ஆனால் அங்கே வரும் ஒற்றை வரியில்தான் குறிப்பு ஒளிந்திருக்கும்.

நிறங்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வெள்ளை பட்டால் அடி. நீலம் வரும்போது அசையாமல் நின்றால் ஊடுருவிப் போய்விடும், அசைந்தால் அடி. ஆரஞ்சு நேர் எதிர், நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பச்சை உடம்புக்கு நல்லது, போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹாட்லேண்டின் லேசர் கதிர்களுக்கும் இதே நீலம், ஆரஞ்சு விதிதான். அடி பட்டதும் இதயம் சற்று நேரம் மினுக்கும், அந்தக் கணத்தில் வேறெதுவும் தாக்காது. நெருக்கடியில் ஒரு சின்ன அடியை வேண்டுமென்றே வாங்கிக்கொண்டு அந்த இடைவெளியில் பாதுகாப்பான இடத்துக்கு நகர்வது அனுபவசாலிகள் செய்வது. விசையை அழுத்திப் பிடித்துப் பெட்டி முழுக்க ஓடுவதைவிட, தட்டித் தட்டிச் சிறு அசைவுகளில் தப்பிப்பது எப்போதும் மேல்.

இருபது ஹெச்பி என்னும் தலைவலி

யாரையும் கொல்லாமல் ஆடினால் காசு வரும், கொன்றால் மட்டும் கிடைக்கும் எக்ஸ்ப் என்ற புள்ளி வராது. எக்ஸ்ப் வராவிட்டால் எல்வி என்ற உங்கள் நிலை ஏறாது. எல்வி ஏறாவிட்டால் தொடக்கத்தில் இருந்த 20 ஹெச்பியோடுதான் (உயிர்ப்புள்ளிகள்) கடைசிவரை போக வேண்டும். எதிராளிகள் மட்டும் வலுத்துக்கொண்டே போவார்கள். அதனால் இந்த ஆட்டத்தில் உங்கள் பலம் முழுக்கப் பையிலும் உடையிலும்தான். பையில் எட்டே இடங்கள். ஸ்னோடினிலிருந்து வழியில் ஆங்காங்கே ஒரு பெட்டி வரும், அதில் பத்துப் பொருள் வைக்கலாம். எந்த ஊரில் வைத்ததையும் எந்த ஊர்ப் பெட்டியிலும் எடுக்கலாம்.

கவசத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆட்டத்தின் முதல் பகுதியான ரூயின்ஸில் கிடைக்கும் ஃபேடட் ரிப்பனின் தற்காப்பு 3. ஸ்னோடின் கடையில் 50 ஜிக்கு (ஜி என்பது இந்த ஆட்டத்துக் காசு) மேன்லி பந்தானா, தற்காப்பு 7. வாட்டர்ஃபாலில் தேடினால் ஓல்ட் டுட்டு, 10. ஹாட்லேண்டில் ஸ்டெயின்ட் ஏப்ரன், 11, கூடவே ஒரு முறை விட்டு ஒரு முறை ஒரு ஹெச்பியையும் ஏற்றிவிடும். ஆயுதத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், நீங்கள்தான் அடிக்கப் போவதில்லையே. ஆனால் வாட்டர்ஃபாலில் கெர்சன் என்ற கிழ ஆமையின் கடையில் 55 ஜிக்குக் கிடைக்கும் டோர்ன் நோட்புக், 35 ஜிக்குக் கிடைக்கும் கிளவுடி கிளாஸஸ் இரண்டும் அடி பட்டபின் மினுக்கும் நேரத்தைக் கூட்டுபவை. நோட்புக்கை ஆயுத இடத்தில் மாட்டிக்கொண்டால் அடிக்காதவருக்கும் பயன் உண்டு. கண்ணாடி கவச இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சாப்பாட்டில் மூன்றை மட்டும் கண்டிப்பாகப் பாதுகாக்க வேண்டும். முதலாவது, ரூயின்ஸில் உங்களை வரவேற்கும் டோரியலின் வீட்டில் கிடைக்கும் பட்டர்ஸ்காட்ச் பை என்ற இனிப்பு. உங்களுக்குக் கொடுத்த அறையில் கட்டிலில் படுத்து எழுந்தால்தான் தரையில் அது இருக்கும். அவசரத்தில் படுக்காமலே கிளம்பிவிடுபவர்கள் உண்டு. ஹெச்பியை முழுதாக நிரப்பும் பொருள் அது. ஆனாலும் வழியில் தின்றுவிடாதீர்கள், கடைசியில் அரசனோடு நடக்கும் சண்டையில் அதைச் சாப்பிட்டால் அவருடைய தாக்குதலும் தற்காப்பும் இறங்கும். இரண்டாவது, ரூயின்ஸில் சிலந்திகள் நடத்தும் பலகாரக் கடையின் டோனட். 7 ஜிதான். ஒன்றை வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். ஹாட்லேண்டில் மஃபெட் என்ற சிலந்திப் பெண் உங்களைப் பிடித்து வலையில் கட்டுவாள். அந்தச் சண்டையில் டோனட்டைத் தின்றால் சிலந்திகளுக்கு உதவியவர் என்று தெரிந்து அப்போதே விட்டுவிடுவாள். ரூயின்ஸைவிட்டு வெளியேறியதும் பின்னால் கதவு மூடிவிடும், திரும்பிப் போய் வாங்க முடியாது. ஹாட்லேண்டிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அங்கே விலை 9999 ஜி. மூன்றாவது, ஸ்னோடின் காட்டுப் பனிமனிதன் தன்னிலிருந்து தரும் பனித்துண்டு. தூர தேசம் கொண்டுபோகச் சொல்லித் தருவான். 45 ஹெச்பி ஏற்றும். தின்பதும் கொண்டுபோவதும் உங்கள் மனசாட்சி.

பொருளை விற்கப் போனால் பெரும்பாலான கடைக்காரர்கள் வாங்கமாட்டார்கள். வாட்டர்ஃபாலில் ஒளிரும் காளான்கள் இருக்கும் இருட்டுப் பகுதியிலிருந்து கீழ்ப்புறம் ஒரு வழி டெம்மி கிராமத்துக்குப் போகிறது. வாங்கும் கடை அங்கேதான். அதே கடைக்காரி கல்லூரிக்குப் போக 1000 ஜி கொடுத்தால், படித்துவிட்டு வந்து டெம்மி கவசம் விற்பாள்: தற்காப்பு 20. விலை 9999 ஜியில் தொடங்கும், நீங்கள் சாகச் சாக இறங்கும். தடுமாறுகிறவருக்கு ஆட்டமே தள்ளுபடி கொடுக்கிறது. இதைவிட நாசூக்கான ‘ஈஸி மோட்’ வேறெந்த கேமிலும் எனக்குத் தெரியாது.

மாட்டிக்கொள்ளும் சண்டைகள்

டோரியல். இங்கேதான் நிறையப் பேர் முதல் தப்பைச் செய்கிறார்கள். பேசிப் பார்ப்பார்கள், பலன் இல்லை. “கொஞ்சம் அடித்துப் பலவீனமாக்கினால் விட்டுவிடுவார்” என்று மற்ற கேம்களின் பாடத்தை இங்கே கொண்டுவருவார்கள். ஹெச்பி ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் அடுத்த ஒரே அடி அவரை முடித்துவிடும், கையைப் பிசைந்துகொண்டு நிற்பீர்கள். அடிக்கவே வேண்டாம். ஸ்பேரை விடாமல் கொடுத்துக்கொண்டே இருங்கள். முதலில் வெறும் புள்ளிகளாக வரும் அவருடைய பதில் மெதுவாகச் சொற்களாக மாறும். மாறுகிறது என்றால் வழி சரி. உங்கள் ஹெச்பி மிகவும் குறைந்ததும் அவருடைய நெருப்பு உங்களைத் தொடாமல் விலகிப் போவதைக் கவனியுங்கள். ஓர் எதிராளியின் குணத்தை வசனமே இல்லாமல் குண்டுகளின் பாதையில் காட்டுகிற இடம் அது. ஆட்டம் முழுக்க இதைச் செய்துகொண்டே இருக்கும்.

ஸ்னோடினில் வழிமறிக்கும் எலும்புக்கூடு பப்பைரஸிடம் இதயம் நீலமாகும், அதாவது கனம் வந்து தரையில் விழும். மேல் அம்பைத் தட்டினால் சிறு குதி, பிடித்தால் உயரக் குதி. தோற்றாலும் சாகமாட்டீர்கள், கொட்டகையில் அடைத்துவைப்பான், அவ்வளவுதான். மூன்று தடவை தோற்றால் சண்டையையே தாண்டிப் போகலாம் என்பான். பதற்றமில்லாமல் ஆடுங்கள்.

வாட்டர்ஃபாலில் துரத்தி வரும் கவச வீராங்கனை அண்டைன் கதை வேறு. இதயம் பச்சையாகி நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். நகர முடியாது. அம்புக்குறிகள் இப்போது கேடயத்தைத் திருப்பும். ஈட்டி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் அழுத்த வேண்டும். மஞ்சள் ஈட்டிகள்தான் வில்லன்: ஒரு பக்கம் வருவதுபோல் வந்து கடைசி நொடியில் எதிர்ப்பக்கம் சுற்றி வந்து குத்தும். மஞ்சளைக் கண்டதும் எதிர்த் திசையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைத் தூரத்தில் கிளம்பும் ஈட்டியில் வைக்காமல் இதயத்துக்குப் பக்கத்தில் நெருங்கிவிட்டதில் வையுங்கள்.

இவளை ஸ்பேர் செய்ய முடியாது. எத்தனை முறை கொடுத்தாலும் பெயர் மஞ்சளாகாது. பலர் விட்டுவிட்டுப் போவது இங்கேதான். வழி இதுதான்: இடையிடையே அவளே இதயத்தைச் சிவப்பாக்குவாள். அப்போது மெர்சிக்குள் ஃப்ளீ என்று இருக்கும். ஓடுங்கள். வலப்பக்கமாக ஓடிக்கொண்டே இருங்கள், துரத்திப் பிடிப்பாள், மறுபடி பச்சை, மறுபடி சிவப்பு, மறுபடி ஓட்டம். ஹாட்லேண்ட் பெயர்ப்பலகையைத் தாண்டியதும் இரும்புக் கவசத்தின் உள்ளே வெந்துபோய்ச் சுருண்டு விழுவாள். பக்கத்தில் தண்ணீர் வைத்த இயந்திரம் இருக்கிறது. ஒரு கோப்பை பிடித்து அவள்மேல் ஊற்றிவிட்டு நகருங்கள். ஊற்றாமல் போகலாம்தான், ஆனால் பின்னால் வருத்தப்படுவீர்கள்.

மஃபெட்டுக்கு டோனட் இல்லாதவர்கள்: இதயம் ஊதாவாகி மூன்று கம்பிகளில் மேலும் கீழும் தாவும். நடுக் கம்பியை வீடாக வைத்துக்கொண்டு மேலே, கீழே போய்த் திரும்புங்கள். போதுமான முறைகள் தாக்குப்பிடித்தால் அவளே நிறுத்துவாள்.

தொலைக்காட்சி நட்சத்திர ரோபோ மெட்டாட்டனின் கடைசிச் சண்டையில் ஹெச்பியைவிட பார்வையாளர் எண்ணிக்கைதான் முக்கியம். தொடக்கத்தில் விஞ்ஞானி ஆல்ஃபிஸ் போனில் சொல்வதைக் கேட்டு ஆக்ட்டில் ‘டர்ன்’ கொடுங்கள். பிறகு இதயம் மஞ்சளாகி இசட் அழுத்தினால் சுடும். அவனுடைய உடம்பில் இருக்கும் சின்ன இதயம் வெளியே வரும்போது சுட்டுத் தள்ளினால் கையும் காலும் கழன்று விழும். எல்லாம் கழன்ற பிறகு எண்ணிக்கை 10,000 வந்தால் முடிந்தது, அதற்கு முன்னாலேயே முடிக்க வேண்டுமானால் 12,000 வேண்டும். ‘போஸ்’ கொடுப்பது ஹெச்பி குறைவாக இருக்கும்போது அதிகம் ஏற்றும். மெட்டாட்டன் விடுதிக்குள் விற்கும் அவன் பெயர் போட்ட சாப்பாட்டைச் சண்டைக்கு நடுவில் தின்றாலும் எண்ணிக்கை ஏறும். கிளாம்பர்கர் 120 ஜி, 27 ஹெச்பி. முகம் போட்ட ஸ்டீக் 500 ஜி, 60 ஹெச்பி. இரண்டையும் முன்னதாகவே வாங்கிப் பையை நிரப்பிக்கொண்டு, இந்தச் சண்டை நடக்கும் கோர் என்ற பகுதிக்குள் நுழையுங்கள்.

சேவ் கோப்பு

மஞ்சள் நட்சத்திரங்கள் சேவ் புள்ளிகள். தொட்டாலே ஹெச்பி முழுதாகும். இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, பழைய சேவுக்குத் திரும்பிப் போனால் எல்லாம் அழிந்துவிடும் என்று நம்பாதீர்கள். இந்த கேம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதற்குமேல் சொல்லமாட்டேன். இரண்டு, கடைசிக் கட்டத்தில் ஆட்டம் தானாகவே மூடிக்கொண்டால் லேப்டாப் பழுது என்று நினைத்து ரீஇன்ஸ்டால் செய்ய ஓடாதீர்கள். மறுபடி திறந்தால் தொடரும்.

விண்டோஸில் கோப்புகள் லோக்கல் ஆப்டேட்டாவுக்குள் அண்டர்டேல் என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. எதையும் பெரிதாகச் செய்து பார்க்கும் முன் அந்த ஃபோல்டரை அப்படியே வேறிடத்துக்கு நகலெடுத்து வையுங்கள். குறிப்பாக, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி எதிராளிகளே தீர்ந்துபோகும்வரை கொன்று எல்வி ஏற்றும் பழக்கம் மற்ற ஆர்பிஜிகளிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும். இங்கே அப்படிக் கடைசிவரை போய்விட்டால், பிற்பாடு வரும் நல்ல முடிவிலும் அதன் கறை படியும்.

அப்படி எல்லாரையும் தீர்த்துக்கட்டாதவரை, முதல் ஆட்டம் எப்படி ஆடினாலும் ஒரு நடுவாந்தர முடிவுதான் வரும். அதைப் பார்த்துவிட்டு “இவ்வளவுதானா” என்று கேமை நீக்கிவிடுபவர்கள் பாதிப் படத்தில் எழுந்து போனவர்கள். ஒருவரையும் கொல்லாமல், பப்பைரஸ் வீட்டுக்கும் அண்டைன் வீட்டுக்கும் போய் நட்பாகி முடித்திருந்தால், ரீசெட் அழுத்தாதீர்கள். கன்டினியூ கொடுத்து வந்த வழியே திரும்பி நடங்கள், போன் அடிக்கும். ஸ்னோடின்வரை நடக்க அலுப்பாக இருந்தால் படகுக்காரர் ஹாட்லேண்டிலிருந்தே கூட்டிப்போவார். யாரையாவது கொன்றிருந்தால் மட்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதே ஆசிரியரின் டெல்டாரூனை இதற்கெல்லாம் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். தனிக் கதைதான் என்றாலும், இங்கே பழகிய முகங்கள் அங்கே வேறு வாழ்க்கையில் எதிர்ப்படும், இதை முடிக்காமல் போனால் அந்தச் சந்திப்புகளில் ஒன்றும் இருக்காது.